எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

செங்கூரணியில் இருளப்பன் சேவுக் கடைகள் ஒன்பது இருந்தன, ஒன்பதின் பலகையிலும் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்று எழுதியிருந்தது, ஒன்பதும் ஒரே கடையாகிப்போன அந்த வியாழக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் முதலில் கவனித்தது அடுப்பைத்தான். பஸ் ஸ்டாண்டு மேற்கு வாசலில் இருந்த தன் கடையின் ஷட்டரை வழக்கம்போல ஆறரை மணிக்குத் தூக்கிவிட்டு, வழக்கம்போலத் தலையைக் குனிந்து உள்ளே போனபோது, ஒற்றை அடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக அடுப்புகள் இருந்தன, வரிசையாக எண்ணெய்ச் சட்டிகள் இருந்தன, சுவரில் இருளப்பனின் ஒன்பது படங்கள் மாலையோடு தொங்கின. ஒரே போட்டோவிலிருந்து எடுத்த படங்கள்தான், இரண்டில் மட்டும் மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்கள். சுவர்கள் தள்ளிப்போயிருந்தன. நாலு பக்கமும் ஷட்டர்கள். அவற்றை வெளியிலிருந்து ஒவ்வொருவராகத் தூக்கத் தூக்க, ஒன்றில் ரயில்வே கேட்டும், ஒன்றில் பைபாஸ் சுங்கச்சாவடியும், ஒன்றில் மாரியம்மன் கோவில் தேரடியும் தெரிந்தன. ரயில்வே கேட் வழியாகச் செல்லக்கண்ணு உள்ளே வந்தான். தேரடி வழியாகத் தர்மர் வந்தார். பதினெட்டு வருடமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத மாமனும் மருமகனும் கடையின் நடுவில் எதிரெதிராக நின்றார்கள்.

தர்மர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணிக் குழாய் யாரோடது?” என்றார்.

“என்னோடதுதான் அண்ணாச்சி” என்றாள் தங்கபுஷ்பம்.

“தண்ணி வருதா?”

“ஏழு மணி வரைக்கும் வரும்.”

“அப்ப நானும் ரெண்டு குடம் பிடிச்சுக்கிறேன். தேரடிப் பக்கம் நாலு நாளா வரல” என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டினார்.

இருளப்பன் இறந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அவரிடம் வேலை பார்த்து விலகியவர்கள் விலகும்போது அவர் பெயரையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். அதை அந்த ஊரில் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. தொழில் பழகிய இடத்தின் பெயரைப் போடாதவனைத்தான் நன்றியில்லாதவன் என்று பேசுவார்கள். மகன் செல்லக்கண்ணு ‘பழைய’ என்று முன்னால் போட்டுக்கொண்டான். மைத்துனர் தர்மர் ‘ஒரிஜினல்’ போட்டுக்கொண்டார். பிறகு வந்தவர்கள் அசல், ஆதி, நியூ, ஸ்ரீ என்று எடுத்துக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் கடை வைத்தபோது நல்ல வார்த்தை எதுவும் மிச்சமில்லை. முன்னால் என்ன போடட்டும் என்று பெயின்டர் கேட்டதற்கு ஒன்றும் போடவேண்டாம் என்றாள். அவருக்கு மனசு ஒப்பவில்லை, பெயருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நட்சத்திரம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நட்சத்திரத்தையும், ஒரிஜினலையும், பழையதையும் பெயரிலிருந்து கழற்றியவர் பிலோமினா. கடைகளுக்கும் வீடுகளுக்கும் தமிழிலேயே இணைய முகவரி தருவது என்று முடிவாகி, அதற்குப் பெயர்களைத் தயார் செய்ய மாவட்டத்துப் பெயர்ச் சீர்மை மையத்திலிருந்து அனுப்பப்பட்டவர். வர்த்தகர் சங்க மாடியில் ஒரு மேசையும் மின்விசிறியும் கேட்டு வாங்கி, எல்லோரையும் உட்காரவைத்து, பெயருக்கு நாலு படி உண்டு என்று விளக்கினார். முதல் படியில் அலங்காரங்களைக் கழற்ற வேண்டும். இரண்டாவதில், கழற்றிய பிறகு ஒன்றுபோல் இருப்பவற்றை ஒன்றாக்க வேண்டும். மூன்றாவதில், முகவரிக்குள் வரக்கூடாதவற்றை நீக்க வேண்டும். நாலாவதில் திசை பார்க்க வேண்டும். ஒரு பெயரின் எழுத்தெல்லாம் ஒரே திசையில் ஓடவேண்டும், பாதி இந்தப் பக்கமிருந்தும் பாதி அந்தப் பக்கமிருந்தும் வரக்கூடாது.

“அப்ப எங்க குடும்பத்துல ஒருத்தனுக்கும் பேர் கிடைக்காது மேடம்” என்று தர்மர் சொல்ல, சங்க மாடி முழுக்கச் சிரித்தது, செல்லக்கண்ணுவைத் தவிர.

“எதுக்கு ஒன்னாக்கணும், அவங்கவங்க பேரு அவங்கவங்களுக்கு இருந்துட்டுப் போகட்டுமே” என்று அவன் கேட்டான்.

“கேட்டு வர்றவர் ஒரிஜினல்னு சேர்த்தும் கேட்பார், சேர்க்காமலும் கேட்பார்” என்றார் பிலோமினா. “எப்படிக் கேட்டாலும் ஒரே வாசலுக்குத்தான் போய்ச் சேரணும். இல்லேன்னா ஒரு பேரைக் காட்டி வேற வாசல்ல இறக்கிவிட்டுருவாங்க. முப்பது நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள உங்களுக்குள்ள பேசி ஒரு ஆளைச் சொல்லுங்க. அவர் பேர்ல பதிவோம். ஊர்ப் பதிவேட்டுல உள்ள மத்த கடைகளை அவர் விரும்பினா கிளைன்னு சேர்த்துக்கலாம். பதிவானா, அதைத் தவிர அந்தப் பேருக்குக் கீழ வர்ற எல்லாம் முப்பதாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மூடிரும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் பிலோமினா கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினார். மறுநாள் காலையில் எப்படிக் கேட்டாலும் ஒரே வாசல்தான் என்பது எந்த வாசலானாலும் ஒரே கடைதான் என்று ஆகியிருந்தது. ஏன் அப்படி ஆயிற்று என்று ஊரில் யாரும் மெனக்கெட்டு யோசிக்கவில்லை. பெயரைச் சீர் செய்ய வந்தார்கள், செய்தார்கள், சீரான பெயருக்கு ஒரு கடைதானே இருக்க முடியும்.

முதல் வாரத்திலேயே ஊர் அதற்குப் பழகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரயில்வே கேட்டுக்குப் போக வேண்டியவர்கள் ஒன்றரை மைல் சுற்றாமல் தங்கபுஷ்பத்தின் ஷட்டரில் நுழைந்து செல்லக்கண்ணுவின் ஷட்டரில் வெளியே போனார்கள், போகிறபோது சும்மா போகக் கூச்சப்பட்டு நூறு கிராம் வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் அடுப்புகளை விட்டு ஒதுங்கி வரிசையாகப் போனார்கள். தேரடித் தெருவில் நெஞ்சுவலி வந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி அடுப்புகளுக்கு இடையில் கொண்டுபோய் பைபாஸில் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், அவர் பிழைத்தார், பிழைத்தவர் சட்டை முழுக்கச் சேவு வாசம் அடித்தது என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். ஆட்டோக்காரர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நாலாம் நாள் தாங்களும் டீ குடிக்க இந்த வழியாகவே போனார்கள். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரத்தை இதற்குள் கொண்டுபோனால் வீதியுலா வந்த கணக்கா இல்லையா என்று கோவில் வாசலில் இரண்டு நாள் பேசி, அம்மனுக்குச் சுற்று வழிதான் மரியாதை என்று முடித்தார்கள். தெருவுக்குத் தெரு எல்லை பிரித்துக் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள்தான் கடைசிவரை குழம்பின. எந்த ஷட்டரில் எட்டிப் பார்த்தாலும் வேறு தெரு நாய் எட்டிப் பார்த்தது.

தங்கபுஷ்பத்துக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்புகளை அவள் முதல் நாள் சாயங்காலம் ஓய்வாக எண்ணிப் பார்த்திருந்தாள். ஒன்பது இல்லை, பத்து இருந்தன.

பத்தாவது அடுப்பு நியூவுக்கும் ஸ்ரீக்கும் நடுவில் இருந்தது. அதன் மேல் இருளப்பன் படம் இல்லை. அடுப்பு ஆறிக்கிடந்தது, சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தது. மாவைத் தேய்க்கும் ஓட்டைத் தட்டு ஆணியில் தொங்கியது, அதன் கைப்பிடியில் இடதுகைக்குத் தோதாகத் துணி சுற்றியிருந்தது. அடுப்புக்கு எதிரே பத்தாவது ஷட்டர். மறுநாள் காலை எட்டு மணிக்கு அது தூக்கப்பட்டபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. செங்கூரணியில் தார் உருகும் பங்குனி வெயில். ஷட்டருக்கு அப்பால் இருந்த தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது, குடைகள் போயின, எதிர்க்கடைப் பலகையில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து இருந்தது. சரக்கு ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர்கள் வந்து பார்த்து, மராட்டிப் பக்கம், துறைமுகத்தை ஒட்டின ஊர், ஆனால் அங்கேயும் இது மழைக்காலமில்லையே என்று சொன்னார்கள். மழைக்கோட்டுப் போட்ட ஆட்கள் உள்ளே வந்து விரலால் காட்டிச் சேவு வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரன் மட்டும் வரவில்லை. ஷட்டரைத் தூக்கியது ஒரு கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்து சுருங்கி மினுமினுத்த வலது கை. எட்டு மணிக்கு வந்து தூக்கியது, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இறக்கியது, நடுவில் அந்தக் கைக்குச் சொந்தக்காரன் தன் கடைக்குள்ளேயே நுழையாமல் எங்கோ சுவரோரம் மழையில் நின்றான்.

அந்தத் தோலை அவள் மூன்று மாதம் வாழையிலையில் கிடத்தி விசிறியிருக்கிறாள்.

பால்வண்ணன் பழைய இருளப்பன் கடையில் பதினாலு வருடம் சேவு மாஸ்டராக இருந்தவன். சட்டி சாய்ந்து கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செல்லக்கண்ணு மாவு பிழியும் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டான். பால்வண்ணன் திரும்பி வந்தபோது அவன் நிற்கும் இடத்தில் மிஷின் நின்றது. அதுவரை அந்தக் கடைப் பொட்டலங்களைப் பஸ் ஜன்னல்களில் நீட்டி விற்றுக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், அடுத்த மாதமே மேற்கு வாசலில் அதே பெயரில் கடை போட்டாள். வேறு பெயர் வைக்கக்கூடாதா என்று கேட்டவர்களிடம், “அந்தப் பேருக்குள்ள எங்க வீட்டுக்காரர் தோல் கிடக்கு, நான் எதுக்கு வேற பேரு தேடணும்” என்றாள். இடது கையால் தேய்க்கப் பழகி, மெதுவாகத்தான் என்றாலும் அவன் அங்கே இரண்டு வருடம் போட்டான்.

செங்கூரணியில் சேவு போடுகிறவர்கள் தாங்கள் போட்டதைத் தாங்களே ருசி பார்ப்பதில்லை. நாள் முழுக்க மிளகாய் ஆவியில் நிற்கிறவனை அவன் நாக்கே ஏமாற்றும் என்பது அவர்கள் எண்ணம். முதல் ஈடு வெந்து வடிந்ததும் ஒரு கைப்பிடி அள்ளி, பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, உப்பு எப்படி என்று கேட்பார்கள்; அவர் சொன்ன பிறகுதான் அடுத்த மாவில் கை வைப்பார்கள். பால்வண்ணன் அவளிடம்தான் கேட்பான். ஒரு திருவிழாக் காலையில், நாலு பஸ் ஒன்றாக வந்து நின்று ஜன்னலுக்கு ஜன்னல் கை நீண்டுகொண்டிருந்தபோது, அவன் கைப்பிடியோடு வந்து கேட்டான். “எதுக்கெடுத்தாலும் என்னையத்தான் கேக்கணுமா, ரோட்டுல போறவங்கள்ல யாரையாவது கேளுங்களேன்” என்று அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அவன் சேவைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டுக்குப் போனான். கேட்கப் போனவன் எட்டு வருடமாகத் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அவளே போட்டாள். முதல் ஈட்டை எந்தப் பஸ் நிற்கிறதோ அதன் ஜன்னலில் நீட்டி உப்பு எப்படி என்று கேட்டாள். எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள், பஸ் போய்விட்டது. மாதத்துக்கு ஒரு தடவை ஞானமுத்து என்கிற லாரி டிரைவர் வடக்கே போகிற வழியில் அவள் கடையில் மட்டும் கால் கிலோ வாங்குவார். “நீங்க சாப்பிட்டு எப்படியிருக்குன்னு சொல்லக்கூடாதா” என்றால், “எனக்கு இல்லைம்மா, கேட்டு விட்டிருக்காங்க” என்பார். யார் என்று அவள் கேட்டதில்லை.

இப்போது பத்தாவது ஷட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்தாள், ஒரு ஈட்டுக்கு நாலு தடவை திரும்பிப் பார்த்தாள், மாவில் நீர் கூடியது, எண்ணெய் பொங்கியது, பொட்டலத்துக்கு நூல் சுற்றும்போது சுற்றியதையே சுற்றினாள். ஆறிக்கிடந்த அடுப்பைக் காலையும் மாலையும் துடைத்தாள். துணி சுற்றிய தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அதே ஆணியில் மாட்டினாள். ஷட்டர்வரை போவாள், மழைச் சாரல் முகத்தில் அடித்ததும் சட்டியில் ஏதோ கருகுவதுபோல விறுவிறுவென்று திரும்பி வருவாள்.

“போய்த்தான் ஒரு வார்த்தை கேளேன் தாயி” என்றார் தர்மர், பதினோராம் நாள்.

“போனது அவரு. நான் எதுக்குப் போகணும்.”

“பின்ன எதுக்கு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கே?”

“மழை உள்ள அடிக்குதான்னு பாக்கேன் அண்ணாச்சி. கடலைமாவு நனைஞ்சிருமில்ல.”

“மாவு மூட்டை இந்தப் பக்கமில்ல இருக்கு” என்று அவர் முணுமுணுத்தார். அவள் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பினாள்.

யார் பெயரில் பதிவது என்பதற்கான பேச்சுவார்த்தை இருபது நாள் நடந்தது. தர்மருக்குச் செல்லக்கண்ணு பெயரில் பதிய இஷ்டமில்லை. செல்லக்கண்ணுவுக்குத் தர்மர் பெயரில் சம்மதமில்லை. அசலும் ஆதியும் அண்ணன் தம்பி, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கடையைக் கொளுத்திவிடுவதாகச் சொன்னார். இப்படி எட்டுப் பேரும் இரத்தத்திலோ சம்பந்தத்திலோ ஒருவருக்கொருவர் சொந்தம், ஆகையால் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள். இருபத்தோராம் நாள் தர்மர் துண்டை உதறித் தோளில் போட்டு, “நமக்குள்ள சொந்தமில்லாதவ ஒருத்திதான் இருக்கா, அவ பேர்லயே பதிஞ்சிருவோம், நாமெல்லாம் அவளுக்குக் கிளையா இருந்துக்கிடுவோம்” என்றார். சொந்தக்காரனுக்குக் கிளையாவதைவிட அது எவ்வளவோ மேல் என்று எல்லோருக்கும் பட்டது.

அன்று சாயங்காலம் செல்லக்கண்ணு அவளுடைய அடுப்பருகே வந்து நின்றான்.

“அக்கா, என் கடையையும் கிளைன்னு போட்டுக்கிடுங்க. எனக்குச் சம்மதம்.”

பத்து வருடமாக அவள் கேட்க நினைத்த சொல் அது. கேட்டதும் உடம்பெல்லாம் ஒரு கணம் இலேசாயிற்று. அவன் உடனே போகவில்லை. பத்தாவது அடுப்பையும், ஆணியில் தொங்கிய தட்டையும், அதற்கு அப்பால் பெய்யும் மழையையும் பார்த்தபடி நின்று, “மிஷினு இப்ப ஓடுறதில்ல. பல்லு போயிருச்சு” என்றான்.

“ரிப்பேர் பாக்கலாமே.”

“பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவள் வர்த்தகர் சங்க மாடிக்கு ஏறினாள். பிலோமினா ஒன்பது கடைகளையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார், தங்கபுஷ்பத்தின் பெயர் மேலே தனியாக இருந்தது.

“இன்னொன்னும் சேக்கணும் மேடம். பத்தாவதா ஒன்னு இருக்கு.”

“தெரியும்மா. நானும் வந்து பார்த்தேன். அதைச் சேர்க்க முடியாது.”

“அதுவும் இருளப்பன் கடைதான்.”

“கடைதான். ஆனா எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. எங்க கணக்குல இன்னும் யாருக்கும் ஒதுக்காத இடம் அது.” பிலோமினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். “கேட்கிறதுக்கு ஒரு சட்டம், பதியுறதுக்கு ஒரு சட்டம்மா. கேட்கிறவங்க தெரியாததையும் கேட்கலாம். நாளைக்குத்தான் உண்டாகப் போற பேரைக்கூட இன்னைக்கே கேட்கலாம், நாங்க தடுக்க மாட்டோம். பதிஞ்சு வைக்கும்போது மட்டும் தெரியாத எதையும் உள்ள விட முடியாது. பதிவு ஆனதும் அது தானா மூடிரும். இந்தப் பக்கத்துல வெறும் சுவரா இருக்கும்.”

“அந்தப் பக்கத்துல?”

“அவருக்கு அவர் கடை திரும்பக் கிடைச்சிரும். நீங்க யாரும் அதுல இருக்க மாட்டீங்க.”

தங்கபுஷ்பம் முந்தானையால் நாற்காலியின் கையைத் துடைத்தாள், அதில் தூசி எதுவும் இல்லை.

“யாரும் பதியாமலே விட்டா?”

“அப்ப இந்தப் பேரு கேள்வியாவே நிக்கும். எல்லா வாசலும் இப்ப எப்படியோ அப்படியே. யாருக்கும் சொந்தமில்ல, யாருக்கும் முகவரி கிடையாது.”

“எத்தனை நாளைக்கு?”

பிலோமினா தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “அதுக்குக் கெடு எதுவும் எழுதல. இதுவரைக்கும் யாரும் அப்படி விட்டதில்ல.”

முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பிலோமினா பதினோரு மணிக்கே கடைக்கு வந்து, சங்கத்து மேசையைத் தூக்கிவரச் சொல்லி நடுவில் போட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டார். எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். தர்மர் மாலை ஒன்று வாங்கி வைத்திருந்தார், அது தங்கபுஷ்பத்துக்கா இருளப்பன் படத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை. ரயில்வே கேட் பக்கமிருந்தும் தேரடிப் பக்கமிருந்தும் சனம் வந்து நின்று வேடிக்கை பார்த்தது, நாளையிலிருந்து இந்த வழி இருக்குமா, கிளை என்றால் கதவு ஒன்றா தனித்தனியா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது. வெளியே ஒன்பது தெருவிலும் வெயில் காய்ந்தது, பத்தாவதில் மழை.

தங்கபுஷ்பம் அன்றைக்குத் தன் அடுப்பையே பற்றவைக்காமல் இருந்தாள். பதினொன்றரைக்கு எழுந்து போய்ப் பற்றவைத்தாள்.

“இப்ப எதுக்கு மதினி அடுப்பு, கையெழுத்துப் போட்டுட்டு வந்து வேலையைப் பாருங்க” என்றார் அசல்.

அவள் மாவை எடுத்தாள். ஓமம் தட்டிப் போட்டு, பூண்டும் மிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்து, உப்பை எட்டு வருடமாக எப்படிப் போடுகிறாளோ அப்படியே கையால் அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். பத்தாவது அடுப்பின் ஆணியிலிருந்து துணி சுற்றிய தட்டை எடுத்துவந்தாள். அது அவள் வலது கைக்குத் தோதாக இல்லை, ஆகையால் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், மாவு கோணல்மாணலாக எண்ணெயில் விழுந்தது. நுரை அடங்கும்வரை நின்று, வடித்து, ஒரு கைப்பிடியைச் செய்தித்தாள் துண்டில் அள்ளிக்கொண்டு, வெள்ளைச் சட்டைகளுக்கு இடையில் நடந்து பத்தாவது ஷட்டரின் வாசற்படிக்குப் போனாள். அங்கே நின்று, சுவரோரத்தைப் பார்க்காமல், தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி கையை மழைக்குள் நீட்டினாள்.

“உப்பு எப்படியிருக்கு?”

ஒரு மழைக்கோட்டுக்காரர் வாங்க வந்து, நின்று, விலகிப் போனார். காகிதத்தின் ஓரம் நனைந்தது. மேசையில் பிலோமினா நேரத்தைப் பார்த்தார்.

சுவரோரத்திலிருந்து வெந்து சுருங்கிய அந்தக் கை வந்தது. இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மறைந்தது. மென்று முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமாயிற்று.

“கூட” என்றது குரல்.

“எப்ப இருந்து?”

“எட்டு வருசமா கூடத்தான் இருக்கு.”

அவள் கை மழையிலேயே இருந்தது. வடக்கே போகிற லாரியும், நூல் சுற்றிய கால் கிலோப் பொட்டலமும், மாதம் ஒன்றாகத் தொண்ணூற்றுச் சொச்சம் பொட்டலங்களும் அவளுக்கு முன்னால் தண்ணீரில் வரிசையாகப் போவதுபோல இருந்தது. இவ்வளவு உப்பையும் இந்த மனுஷன் தின்றிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். யார் கேட்டுவிட்டது என்று அவளும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திரும்பி வந்தபோது பன்னிரண்டாக நாலு நிமிடம் இருந்தது. பிலோமினா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“தங்கபுஷ்பம் பேர்ல பதிஞ்சிரலாமா?”

“பதிய வேண்டாம் மேடம்.”

“அக்கா” என்றான் செல்லக்கண்ணு.

“கேட்டுக்கிட்டே இருக்கட்டும். பதிய வேண்டாம்.”

“அப்ப கடை யாருது?” என்று அசலும் ஆதியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“யாரு அடுப்புக்கு முன்னால நிக்காங்களோ அவங்களது” என்றாள். “இதுக்கு முன்னாலயும் அப்படித்தானே இருந்துச்சு.”

தர்மர் பத்தாவது ஷட்டரைப் பார்த்தார். மாலையை எடுத்து, எந்தப் படத்தில் போடுவது என்று தேடி, மீசை பெரிதாக இருந்த ஒன்றில் போட்டார். பன்னிரண்டு அடித்தது. பிலோமினா பட்டனிலிருந்து விரலை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதவேண்டிய விளக்கக் கடிதத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டு, கால் கிலோ கட்டச் சொன்னார். எந்த வாசலும் மூடவில்லை. கூட்டம் கலைந்து அவரவர் போகவேண்டிய தெருவின் ஷட்டரைப் பார்த்து நடந்தது.

அதற்குப் பிறகு செங்கூரணி இருளப்பன் கடைக்கு முகவரி கிடையாது. கடிதம், பார்சல், வரி நோட்டீஸ் எதுவும் அங்கே வந்து சேர்வதில்லை. கேட்டு வருகிற மனிதர்கள் மட்டும் எந்தத் தெருவிலிருந்து கேட்டாலும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

அன்று சாயங்காலம்வரை அவள் உட்காரவில்லை. அடுத்த மாவில் உப்பை அரைக் கை குறைத்துக்கொண்டாள், வாசற்படிக்குக் கொண்டுபோனாள், இன்னும் கூட என்றது குரல். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் குறைத்தாள், இப்ப குறைச்சல் என்றது. நாலாவது ஈட்டுக்குப் பதிலே வரவில்லை, காகிதம் காலியாகத் திரும்பி வந்தது. ஆறு மணிக்கு வழக்கம்போல அந்தக் கை ஷட்டரின் விளிம்பைப் பிடித்து இறக்கத் தொடங்கியது. பாதி இறங்கியதும் உள்ளேயிருந்து மாவு காய்ந்த இரண்டு கைகள் அதைப் பிடித்துக்கொண்டன. வெளியிலிருந்து ஒருவன் கீழே இழுத்தான், உள்ளிருந்து ஒருத்தி மேலே தள்ளினாள், இரண்டு பேரும் பலமாகச் செய்யவில்லை, இரண்டு பேரும் விடவும் இல்லை. ஷட்டர் இடுப்பளவில் நின்றது. அதற்குக் கீழே மழைக்கோட்டுக்காரர்கள் குனிந்து உள்ளே வந்தார்கள், சேவு வாங்கிக்கொண்டு குனிந்து வெளியே போனார்கள்.